வெயில் பட்ட தோலில் செல் ஏன் கட்டுமீறுகிறது?

கேள்வி: வெயிலால் தோல் புற்றுநோய் வருமாமே, செல்லுக்குள் அப்படி என்ன நடக்கிறது?

பதில்: தோல் புற்றுநோய்களில் அதிகம் காணப்படும் அடிச்செல் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். வெயிலிலுள்ள புற ஊதா-பி கதிர் (அலைநீளம் 280–315 நானோமீட்டர்) டி.என்.ஏ.வின் 'எழுத்துகளான' தைமின், சைட்டோசின் ஆகியவை அடுத்தடுத்து இருந்தால் அவற்றை ஒட்டவைக்கிறது. செல் அதைச் சரிசெய்யத் தவறினால், சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் அமர்ந்துவிடும். இத்தகைய பிழைகளால் 'பேட்ச்டு-1' மரபணுவின் இரு பிரதிகளும் கெடும்போதுதான் பெரிய ஆபத்து. செல்லைப் பெருகத் தூண்டும் 'ஸ்மூதன்டு' புரதத்தை அடக்கிவைப்பது இந்த மரபணு தரும் புரதம்தான். அந்த அடக்கம் போனதும், வெளியிலிருந்து உத்தரவே வராமல் செல்லை வளரச் சொல்லும் 'ஹெட்ஜ்ஹாக்' சமிக்ஞை ஓயாமல் ஓடும், அதன் கடைசியில் இயங்கும் ஜி.எல்.ஐ. புரதங்கள் செல்லைப் பெருக்கிக்கொண்டே இருக்கும்.

பெரும்பாலான கட்டிகளுக்கு அறுவை சிகிச்சையே போதும். முற்றியவற்றுக்கு, 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விஸ்மோடெகிப் என்ற மருந்து (தினம் 150 மி.கி.) ஸ்மூதன்டைத் தடுக்கிறது. ஸ்மூதன்டிலேயே புதுப் பிழை வந்தால் மருந்து வேலை செய்யாமல் போகலாம். இம்மருந்து கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.