வாசகர் கேள்விகள்: பெரிய கார் யாருக்குப் பாதுகாப்பு?

கேள்வி: குடும்பத்தின் பாதுகாப்புக்காகப் பெரிய எஸ்.யு.வி. வாங்க நினைக்கிறேன். சொந்தப் பணத்தில் வாங்கும் வண்டியைப் பற்றி அடுத்தவர்கள் ஏன் குறை சொல்ல வேண்டும்?

பதில்: உள்ளே இருப்பவர்களுக்கு அது ஓரளவு பாதுகாப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கனத்த வண்டியும் இலேசான வண்டியும் நேருக்கு நேர் மோதும்போது அடியின் பெரும்பங்கு இலேசான வண்டியில் இருப்பவர்களுக்கே போய்ச் சேர்கிறது என்பதால், நீங்கள் வாங்கும் பாதுகாப்புக்கு ஒரு பங்கு விலையை எதிரே வருபவர் கொடுக்கிறார். நடந்து செல்பவர் நிலை இன்னும் மோசம். தாழ்ந்த முகப்புள்ள கார் முதலில் காலில் மோதி, ஆளைப் பானெட்டின் மேல் சரிய வைக்கிறது. உயர்ந்து செங்குத்தாக நிற்கும் முகப்போ இடுப்பிலும் நெஞ்சிலும் இடித்து ஆளை முன்னால் தள்ளிவிடுவதால், விழுந்தவர் சக்கரத்தில் சிக்கும் அபாயம் கூடுகிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்கு மேற்படாத, சரிவான முகப்புள்ள காரைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். முகப்பை ஒட்டி நிற்கும் குழந்தை ஓட்டுநரின் கண்ணில் படாமலே போவது இதில் சேராத தனிக்கணக்கு.

கேள்வி: மக்கள் விரும்புவதால்தானே பெரிய கார்களைத் தயாரிக்கிறார்கள்?

பதில்: விருப்பம் தானாக முளைக்கவில்லை. அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எரிபொருள் சிக்கன வரம்புகள் வந்தபோது, சிறு சரக்கு வண்டிகளைக் குறிக்கும் 'இலகு டிரக்' வகைக்குச் சலுகை கிடைத்தது, எஸ்.யு.வி.க்கள் பல அந்த வகையில் நுழைந்துகொண்டன. லாபமும் பெரிய வண்டியில்தான் அதிகம் என்பதால் விளம்பரங்களும் அந்தப் பக்கமே சாய்ந்தன. 2023-இல் உலகெங்கும் விற்ற கார்களில் கிட்டத்தட்டப் பாதி எஸ்.யு.வி. விளம்பரத்தில் மலையேறும் வண்டி, வாங்கிய பின் பெரும்பாலும் பள்ளிக்கூட வாசலைத்தான் பார்க்கிறது.

கேள்வி: எல்லாம் மின்சாரக் கார்களாகிவிட்டால் இந்தச் சிக்கல் தீராதா?

பதில்: புகை தீரும், அகலம் தீராது. பேட்டரியின் எடையும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: எங்கள் பகுதியில் பேருந்தை நம்பி வேலைக்குப் போக முடியவில்லை. சாலையை அகலப்படுத்தினாலாவது நெரிசல் குறையுமா?

பதில்: சில காலம் குறையும். நெரிசலுக்குப் பயந்து அந்த வழியைத் தவிர்த்தவர்கள் திரும்பி வர, புதிய வண்டிகளும் சேர, சாலை மறுபடி நிரம்பிவிடும். நகரங்கள் பல இப்படிச் சாலையை அகலப்படுத்தித்தான் வருகின்றன, பலன் கண்கூடு. மாறாக, நிறுத்த இடம் காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும் என்ற சட்டத்தை ஜப்பான் 1962-இலேயே கொண்டுவந்தது, 3.4 மீட்டர் நீளத்துக்கும் 1.48 மீட்டர் அகலத்துக்கும் மிகாத சிறுகார் வகைக்கு வரிச்சலுகையும் அங்கே உண்டு. வெளியூர்க்காரர்களின் கனத்த கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கும் திட்டத்துக்குப் பாரிஸ் மக்கள் 2024-இல் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். ஆனால் பேருந்துக்குத் தனித்தடமும் நடக்கத் தகுந்த நடைபாதையும் தராமல் கட்டணத்தை மட்டும் ஏற்றினால், உங்களைப் போன்றவர்கள் மீதுதான் சுமை ஏறும். வசூலாகும் பணம் முதலில் பேருந்துக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை கார் தேவைப்பட்டால், தினம் ஏறும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள். எப்போதாவது வரும் கூட்டப் பயணத்துக்கு வாடகை வண்டி போதும்.