வாசகர் கேள்வி பதில்: இராமேசுவரம் தீவின் மீன்கள்

கேள்வி: தீவைச் சுற்றியுள்ள மீன்களைப் பட்டியலிட ஆசை. பாம்பன் ஏலத்தில் பெயர் கேட்டுப் படம் எடுத்தால் போதுமா?
– கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்

பதில்: போதாது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. விசைப்படகு எங்கே இழுத்தது என்று தெரியாத மீன் தீவின் கணக்கில் சேராது. வடகடலா தென்கடலா, எத்தனை பாகம் (கடலாழ அளவு) ஆழம், என்ன வலை என்பதைப் படகுக்காரரிடமே கேட்டு எழுதுங்கள். கரைவலை, கூடு (மீன்பொறி) இரண்டிலும் விழும் மீனுக்கு இடம் சந்தேகமில்லாமல் தெரியும்.

மீன் கிடைத்ததும் வலப்பக்கத் தசையில் சிறு துண்டு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் (மீனைக் கெடாமல் காக்கும் திரவம்) பட்ட பிறகு எடுத்தால் டிஎன்ஏ சிதைந்திருக்கும். அடுத்து, நிறம் மங்குவதற்குள் படம். தலை இடப்பக்கம் இருக்க தெர்மோகோலில் கிடத்தி, துடுப்புகளை விரித்துக் குண்டூசி குத்தி, அவற்றின் அடியில் தூரிகையால் ஃபார்மலின் தடவினால் சில நிமிடங்களில் விறைத்து நிற்கும். பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும்.

பாதுகாக்க, கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு. பெரிய மீனுக்கு வயிற்றிலும் ஊசியால் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் குடல் அழுகி வயிறு வெடித்துவிடும். கையுறை கட்டாயம், வேலை காற்றோட்டமான இடத்தில். ஒரு வாரம் கழித்து நன்றாகத் தண்ணீரில் ஊறவைத்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றலாம். இடம், ஆழம், வலை விவரங்களைச் சீட்டில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். சீட்டில்லாத மீன் குப்பைக்குத்தான்.

உள்ளூர்ப் பெயரையும் எழுதுங்கள், ஆனால் அதை வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். ‘காரல்’ என்று கூடையில் கிடப்பது பல இனம். வாயைப் பிடித்து மெல்ல இழுங்கள்: மேல்நோக்கி நீண்டால் செக்யூட்டர் என்ற பேரினம், கீழ்நோக்கி நீண்டால் லியோக்நாதஸ் வகை, நேரே நீண்டு கோரைப்பல்லும் தெரிந்தால் காஸா.

கடல்குதிரை வலையில் வந்தால் எடுத்து வைக்காதீர்கள். அது வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

கேள்வி: கூட்டில் பழுப்பும் நீலப்பச்சையுமாகக் கிளிமீன் வருகிறது. இரண்டு இனமா?
– வாசகர், மண்டபம்

பதில்: ஒன்றாகவே இருக்கலாம். பல கிளிமீன்கள் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறும். நிறமும் அடியோடு மாறும். முதுகுத்துடுப்பை எண்ணியும் பயனில்லை, 9 முள் (கூரானது), 10 கதிர் (மென்மையானது) என்பது எல்லாக் கிளிமீனுக்கும் பொது. கன்னத்துச் செதில் வரிசைகளையும், முதுகுத்துடுப்புக்கு முன்னுள்ள செதில்களையும், மார்புத்துடுப்புக் கதிர்களையும் எண்ணிப் பாருங்கள். அவை ஒத்துப்போனாலும் தசைத்துண்டைச் சோதித்த பிறகே ஒரே பெயரில் சேருங்கள்.