கனடாக் குடியுரிமையோடு வன்னியில் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: மாங்குளத்தில் அரிசி ஆலை நடத்துகிறேன். கனடாக் குடியுரிமை எடுத்திருந்தேன். யுத்தம் முடிந்தபின் ஊரோடு வந்துவிட்டேன். பழைய அடையாள அட்டை இருக்கிறது, வாக்காளர் இடாப்பிலும் பெயர் உண்டு. அடுத்த பாராளுமன்றத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். "முதலில் வெல்லுங்கள், குடியுரிமையைப் பிறகு பார்ப்போம்" என்று ஒழுங்கு செய்பவர் முற்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வேறு நாட்டுக் குடியுரிமையும் உள்ளவர் பாராளுமன்றம் போக முடியாது. 2015 இல் அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் போட்ட இந்தத் தடையை 2020 இல் 20 ஆவது திருத்தம் எடுத்தது. 2022 இல் 21 ஆவது திரும்பக் கொண்டுவந்தது. இப்படி மாற்றி மாற்றி எழுதினால் ஊரிலுள்ள மனிதர் எதை நம்பி முடிவெடுப்பது?

உங்கள் சிக்கல் அதைவிடப் பெரியது. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததுமே இலங்கைக் குடியுரிமை போய்விடும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அது இல்லையென்றால் சட்டப்படி நீங்கள் இலங்கையரே அல்ல. அடையாள அட்டையை யாரும் திருப்பி வாங்கவில்லை, அவ்வளவுதான்.

வேட்புமனுவை ஏற்றுவிட்டால் பிரச்சினை இல்லை என்பார்கள். தெரிவத்தாட்சி அலுவலர் உங்கள் குடியுரிமையைத் தோண்டித் துருவப்போவதில்லை. நடிகையும் அரசியல்வாதியுமான கீதா குமாரசிங்கவின் மனுவையும் ஏற்றார்கள், அவர் வென்றார். சுவிஸ் குடியுரிமையால் 2017 இல் ஆசனம் போனது. டயானா கமகே இராஜாங்க அமைச்சராக இருந்தபோதே, 2024 மே மாதம், குடியுரிமை வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் ஆசனத்தை இழந்தார்.

பி.ஆர். எனும் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். நிரந்தர வதிவிடம் குடியுரிமை ஆகாது. அங்கே வரி கட்டியிருந்தாலும், மனைவி பிள்ளைகள் கனடாப் பிரஜைகளாக இருந்தாலும், அவர் இலங்கையர்தான், தாராளமாக நிற்கலாம். ஆனால் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்தவர் கனடாக் கடவுச்சீட்டே எடுக்காவிட்டாலும் கனடாப் பிரஜைதான். கடவுச்சீட்டு காலாவதியானால் குடியுரிமையும் போய்விடும் என்பது வெறும் கதை.

முதலில் இலங்கைக் குடியுரிமையை மீளப் பெறுங்கள். அதன் பிறகே கனடாவுடையதைத் துறவுங்கள். மாற்றிச் செய்யப் போனால் கனடா விடாது, வேறொரு நாட்டுக் குடியுரிமைக்கு ஆதாரம் கேட்கும். துறந்த சான்றிதழ் வேட்புமனுவுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். விண்ணப்பித்த துண்டு போதாது. இதற்காக வன்னியிலிருந்து பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களத்துக்கு அலைய வைப்பது அநியாயம். ஆனாலும் நீங்களே போங்கள், தரகரை அனுப்பாதீர்கள்.

முற்பணக் கதைக்கு வருவோம். 2024 தேர்தலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குக் கட்டுப்பணமே கிடையாது. சுயேச்சைக் குழுவுக்கு ஆளுக்கு 2,000 ரூபா. வன்னியில் பட்டியலுக்கு 9 பேர், மொத்தம் 18,000. இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் எதற்கென்று எழுத்தில் கேளுங்கள். அவர் நீட்டும் வெற்றுப் படிவத்தில் மட்டும் கையொப்பம் வைத்துவிடாதீர்கள்: நாளை வழக்கு வந்தால் அதில் இருப்பது உங்கள் பெயர்தான், அவருடையதல்ல.