தையில் பூக்க ஐப்பசியில் விதையுங்கள்

கேள்வி: நுவரெலியா போன மகன் சினராரியா, பெற்றூனியா பூவிதைப் பைக்கற்றுகள் வாங்கி வந்தார். போன மாரியில் சினராரியா செழித்து இலை விட்டும் ஒரு மொட்டுக்கூட வைக்கவில்லை. பெற்றூனியா முளைக்கவே இல்லை. எங்கே பிழை விட்டேன்?
(வாசகி, முள்ளியவளை)

சினராரியாவில் உங்கள் பிழை ஒன்றுமில்லை அம்மா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் செடி மொட்டு வைக்கச் சில கிழமைகள் தொடர்ந்து இரவுக் குளிர் 15 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்கவேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, தை மாசியில் புல்லில் உறைபனி படிகிற விடியல்களும் அங்கே உண்டு. நம் பக்கம் வாடைக்காற்று வீசுகிற மார்கழியிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நாம் போர்த்துக்கொண்டு படுக்கிற குளிர் சினராரியாவுக்குப் போதாது. நானும் ஒரு மாரி முழுக்க ஏழு சாடிகளை விறாந்தையில் வைத்துக் காத்திருந்தேன், இலை உள்ளங்கை அளவுக்கு வந்தது, பங்குனி வெயிலோடு ஒவ்வொன்றாய் வதங்கிப்போனது. மனம் நொந்துபோனேன்.

பெற்றூனியா அப்படியில்லை. அது வன்னி மாரிக்கு நன்றாக ஒத்துப்போகும். நீங்கள் விதையை மண்ணால் மூடியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதை இருக்கும், மூச்சு விட்டாலே பறந்துவிடும், வெளிச்சம் பட்டால்தான் அது ஒழுங்காய் முளைக்கும்.

ஐப்பசி தொடங்கும்போது விதைத்தால் பன்னிரண்டு கிழமையளவில் பூக்கும், பொங்கலுக்குச் சாடியை முற்றத்தில் வைக்கலாம். சலித்த மணல் ஒரு பங்கு, தும்புச்சோறு (தேங்காய்த் தும்பின் தூள்) ஒரு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு அரைப்பங்கு. புதுத் தும்புச்சோற்றில் உப்பும் கயரும் இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் போடவேண்டும். கலந்த மண்ணில் முதல்நாளே கொதிதண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள். அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகளில் மண்ணை நிரப்பி, விதையோடு இரண்டு தேக்கரண்டி உலர்ந்த குறுமணல் கலந்து தூவி, மேலே மண் போடாமல் விரலால் மெதுவாய் அமர்த்திவிடுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும், அதனால் கோப்பையைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, மேல்மண் ஈரத்தில் கறுத்ததும் எடுத்துவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வற்றிய பாத்திரத்தில் வெள்ளையாய்ப் படிகிற இடமென்றால், நாற்று நிற்கும்வரை மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

அப்புறம் எறும்பு. ஒரே இரவில் விதையைக் காவிக்கொண்டு போய்விடும், பிறகு முளைக்கவில்லை என்று நாம் விதையைக் குறை சொல்வோம். தண்ணீர் நிறைந்த தட்டின் நடுவே ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் கோப்பைகளை வையுங்கள். வாயைத் தெளிந்த பொலித்தீனால் மூடி, மழைச்சாரலும் நேர்வெயிலும் படாத வெளிச்சமான இடத்தில் விட்டால், ஏழு முதல் பத்து நாளில் பச்சைத் தூசி படிந்ததுபோல் தெரியும். குனிந்து கிட்டப் பார்த்தால்தான் ஒவ்வொன்றிலும் இரண்டு இலை இருப்பது விளங்கும். அன்றைக்கே பொலித்தீனை எடுத்துவிடவேண்டும். மூன்று நான்கு இலை வந்ததும் பிரித்து நடுங்கள், நடும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை ஒன்று போனால் வேறு வரும், தண்டு நசுங்கினால் கன்றே போய்விடும்.

கேள்வி: டயந்தஸ் நாற்றுகள் நன்றாக வந்து, இரண்டாம் கிழமையில் மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூலாய் மெலிந்து சாய்கின்றன. மருந்து உண்டா?
(வாசகர், ஒட்டுசுட்டான்)

இது நாற்றழுகல் தம்பி, மண்ணிலிருக்கும் பூஞ்சை செய்கிற வேலை. சாய்ந்த நாற்றை எந்த மருந்தும் நிமிர்த்தாது. அவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு கரண்டியால் தோண்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்தைக் காப்பாற்றலாம்: காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, காலையில் மட்டும் தண்ணீர் விட்டு, மேல்மண் சற்று உலர்ந்தபிறகே அடுத்த தண்ணீர். அடைமழை நாட்களில் இரண்டு நாள் தண்ணீரே வேண்டியிராது. அடுத்த முறை ஐதாகத் தூவுங்கள், நெருக்கமாய் நின்றால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஒரே இரவில் பரவிவிடும்.

கேள்வி: சைக்கிளமன் பூச்செடியை விதையிலிருந்து வளர்க்க ஆசை. கிளிநொச்சியில் முடியுமா?
(வாசகி, கிளிநொச்சி)

வேண்டாம் பிள்ளை. அதன் விதை இருட்டில், 15 முதல் 18 பாகையில் முளைப்பது, முளைக்கவே ஒரு மாதம் எடுக்கும், பூக்க ஒரு வருடத்துக்கு மேல். அதற்குள் நம்மூர் வைகாசிக் கச்சான் காற்று வெக்கையோடு வந்துவிடும். அந்தச் சாடியில் புளொக்ஸ் போட்டுப் பாருங்கள். அதன் விதைக்கு இருட்டுத்தான் வேண்டும், அரைச் சென்ரிமீற்றர் மண்ணால் மூடிவிடுங்கள்.