ஓசோன் போட்ட ஹாட் டப்பில் இறங்கினால் மூச்சு இறுக்குகிறது. இது அலர்ஜியா, என் கற்பனையா?

கேள்வியின் கடைசி வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. ஓசோனால் சுத்தம் செய்யும் ஹாட் டப்பில், அதாவது உட்கார்ந்து குளிக்கிற வெந்நீர்த் தொட்டியில், பத்து நிமிடம் உட்கார்ந்தால் தொண்டை கரகரத்து, இருமல் வந்து, நெஞ்சு இறுக்குகிறது என்று எழுதியவர், கடைசியில் "கற்பனையா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். கூட இறங்கிய நாலு பேருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, உங்களுக்கு மட்டும் ஆகியிருக்கும். அந்த நாலு பேரில் ஒருவர்தான் சொல்லியிருப்பார்.

கற்பனை இல்லை. சரியாகச் சொன்னால் அலர்ஜியும் இல்லை.

நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கம் 19 வருடம் ஜெராக்ஸ் கடை நடத்தியவன். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஓசோனைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். பழைய மெஷின்களில் கொரோனா வயர் என்று ஒன்று இருக்கும், டிரம்முக்கு மின்னேற்றம் கொடுக்கிற மெல்லிய கம்பி. அதில் பல ஆயிரம் வோல்ட் ஏறும்போது பக்கத்துக் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் பிரிந்து, மூன்று அணுக்களாகச் சேர்ந்து ஓசோன் ஆகும். அதைப் பிடிக்கத்தான் மெஷினுக்குப் பின்னால் கரி அடைத்த ஃபில்டர் ஒன்று வைத்திருப்பார்கள். காலம் பார்த்து அதை மாற்ற வேண்டும். "அது இல்லாட்டியும் மெஷின் ஓடும்ணே" என்று மெக்கானிக் சொன்னார். நான் மாற்றவில்லை. மெஷின் ஓடத்தான் செய்தது. ஆனால் சாயங்காலம் ஷட்டரை இழுக்கும்போது எனக்குத் தினமும் வறட்டு இருமல் இருக்கும். டோனர் (மைப்பொடி) தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டுக்குப் பத்து கடை, ஜன்னல் கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க ஒரு ஓட்டை போட்டுக்கொள்கிறேன் என்று கட்டட உரிமையாளரிடம் ஒன்பது வருடம் கேட்டேன். கன்னி மூலையில் ஓட்டை போடக் கூடாது என்று ஒன்பது வருடமும் மறுத்தார். மூச்சு விடுகிறவன் நான், மூலை அவருடையது. கடையைக் காலி செய்தபோது அட்வான்ஸில் வெள்ளையடிக்க, மீட்டர் பெட்டி மாற்ற என்று பிடித்ததுபோக மீதியைத்தான் கொடுத்தார். அந்த மீட்டர் பெட்டியை மாற்றியதே நான்தான், என் காசில். ரசீது இன்னும் வைத்திருக்கிறேன். வாடகைக்குக் கடை நடத்துகிறவர்கள் அட்வான்ஸ் விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்தக் கடையை நினைக்கும்போது இதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடையில் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மெஷினுக்குப் பின்னால் இருந்த தட்டில், ரப்பர் பேண்டு போட்ட காகிதக் கட்டுகளை அடுக்கி வைப்போம். பேண்டுகள் சில நாளிலேயே குறுக்குக் குறுக்காக வெடித்து அறுந்துவிடும். அதே பாக்கெட்டிலிருந்து எடுத்து வீட்டில் போட்ட பேண்டு மாதக்கணக்கில் இருக்கும். இழுத்துப் பிடித்திருக்கிற ரப்பரை ஓசோன் வெடிக்க வைக்கும் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இனி ஹாட் டப் கதை. போன மார்கழியில் மகளும் மாப்பிள்ளையும் எங்களை அழகர்கோவில் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப் போனார்கள். எங்களுக்கு அது 30-ஆவது கல்யாண நாள். அறையை ஒட்டியே கண்ணாடி அடைத்த ஒரு சின்னக் கூடம், அதற்குள் ஆறு பேர் உட்காருகிற ஹாட் டப். வெளியே பனி என்று கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். மூடியைத் தூக்கியதும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், நான் அப்படியே நின்றுவிட்டேன். என் கடை வாசனை. வெல்டிங் பட்டறையைக் கடக்கும்போதும், கோடை மழைக்கு முன்னால் மின்னல் வெட்டும்போதும் வருமே, அந்தக் காரமான வாசனை.

அங்கிருந்த தம்பியிடம் கேட்டேன். "ஓசோன் சார். கெமிக்கலே கிடையாது. மார்கழி விடியக்காலைல வர்ற காத்து மாதிரி, உடம்புக்கு அம்புட்டு நல்லது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார்.

மாப்பிள்ளை ஆசையாகச் செலவழித்துக் கூட்டி வந்திருக்கிறார். "இறங்குங்க மாமா" என்கிறார். எப்படி மாட்டேன் என்பது? இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் வாசனை போய்விட்டது. போனது வாசனை மட்டும்தான், மூக்கு பழகிப்போனால் அப்படித்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. கால்மணி நேரத்தில் தொண்டையில் அரிப்பு. அப்புறம் வறட்டு இருமல். பெருமூச்சு இழுத்தால் நெஞ்சுக்கு நடுவில் பிடிக்கிறது. மேலே ஏறி உட்கார்ந்தேன். "எங்கிட்டுப் போனாலும் உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஒத்துக்காம போயிருது" என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிற இடத்தில் அதைக் கேட்பது கஷ்டமாக இருந்தது. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அன்று ராத்திரி ஏழு வயதுப் பேத்தியும் இருமினாள். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. நான் கடையில் இருமிய அதே வறட்டு இருமல். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் பராமரிப்புப் பார்க்கிற எலக்ட்ரீஷியனைத் தேடிப்போய், தொட்டியின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், மறுக்கவில்லை. உள்ளே சுவரோடு ஒரு சின்னப் பெட்டி, அதுதான் ஓசோன் உண்டாக்குகிற கருவி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, தண்ணீர் வேகமாக ஓடுகிற குறுகலான இடத்தில் சேரும். தண்ணீரின் வேகமே காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் குழாய் வளைகிற இடத்தில் வெடித்திருந்தது. என் கடை ரப்பர் பேண்டு போலவே, குறுக்குக் குறுக்காக. தண்ணீருக்குள் போக வேண்டியதில் ஒரு பங்கு பெட்டிக்குள்ளும், பெட்டி இடுக்கு வழியாகக் கண்ணாடிக் கூடத்துக்குள்ளும் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. போட்டோ எடுத்து மேனேஜரிடம் காட்டினேன். "நேத்துகூட நாலு ஃபேமிலி குளிச்சாங்க சார், யாரும் எதுவும் சொல்லலை" என்றார். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவே இல்லை. குழாயை மாற்றுங்கள், அதுவரை கருவியை நிறுத்தி வையுங்கள் என்றுதான் கேட்டேன். இரண்டு தடவை எழுதியும் போட்டேன், பதில் இல்லை.

எல்லா ரிசார்ட்டும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஓசோன் நல்ல கிருமிநாசினி, உடம்பு எண்ணெயையும் அழுக்கையும் சிதைக்கும், போடுகிற குளோரின் அளவு குறையும். வீட்டுக்கு வருகிற கேன் தண்ணீர் பலவற்றிலும் ஓசோன் ஏற்றித்தான் அடைக்கிறார்கள். "அதைக் குடிக்கிறாயே, இது மட்டும் ஆகாதா" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீரில் கரைந்த ஓசோன் நிலைக்காது, ஆக்சிஜனாகிவிடும். கேன் நம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது போயிருக்கும். ஹாட் டப்பில் அந்த நிமிடமே உண்டாகி, அந்த நிமிடமே மூக்குக்கு வருகிறது. சூடான தண்ணீர் வாயுவைப் பிடித்து வைக்காது, தண்ணீரைப் பீச்சுகிற ஜெட்டின் குமிழிகள் இருப்பதையும் கிளப்பிவிடும். காற்றோட்டம் இல்லாத இடத்தில், தண்ணீரிலிருந்து கிளம்புகிற ஓசோன் தண்ணீருக்குச் சற்று மேலேதான் அதிகமாக இருக்கும். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்பவருக்கு மூக்கு இருப்பதும் அதே உயரத்தில்தான். மூடி போட்டு வைத்திருந்தால் அடியில் சேர்ந்துபோய், தூக்கியதும் முகத்தில் அடிக்கும்.

"கெமிக்கலே கிடையாது" என்பதும் சரியில்லை. ஓசோன் தண்ணீரில் தங்காததால், அடுத்தடுத்து இறங்குகிறவர்களிடமிருந்து வரும் கிருமிகளுக்காகக் குளோரினோ புரோமினோ கட்டாயம் இருக்க வேண்டும். அவை இல்லாத தொட்டியில் இறங்குவதும் ஆபத்து.

மதுரைக்குத் திரும்பியதும் தெருமுனை டாக்டர் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார். இருமல் இரண்டு நாளில் தானாகவே நின்றது. மனம் ஆறாமல் நெஞ்சு நோய் டாக்டர் ஒருவரிடம் போனேன். குழாயில் ஊதச் சொல்லிப் பரிசோதித்து, எனக்கு லேசான ஆஸ்துமா இருக்கிறது என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. "வெங்காயம் உரிச்சா கண்ணு எரியுது, அதை அலர்ஜின்னா சொல்வோம்? இதும் எரிச்சல்தான். அளவு ஏறினா எல்லாருக்கும் எரியும், சிலருக்குக் கொஞ்சத்துலயே எரியும்." ஓசோன் மூச்சுக்குழாயின் உள்தோலையே புண்படுத்துகிறது, அதனால்தான் ஆழமாக மூச்சிழுத்தால் பிடிக்கிறது. ஆஸ்துமாக்காரர்களையும் குழந்தைகளையும் அதிகம் பாதிக்கும். அந்த நேரத்தில் தூசி பட்டால் வழக்கத்தைவிட அதிகமாகப் படுத்தும்.

அளவு என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். பத்து கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு ஓசோன் இருந்தாலே வாசனை பிடித்துவிடுகிற மூக்குகள் உண்டு. 2009-இல் நம் நாட்டில் அறிவித்த காற்றுத் தர அளவு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், கிட்டத்தட்ட இரண்டு கோடியில் ஒரு பங்கு. அமெரிக்காவில் தொழிலாளிகளுக்கு வைத்த உச்சவரம்பு அதைப்போல இரண்டு மடங்கு, கோடியில் ஒன்று. இடைவெளி எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். வாசனை தெரிந்தாலே ஆபத்து என்று சொல்லவில்லை. ஆனால் காரமாகத் தெரிகிறது என்றால் கதவைத் திறக்க வேண்டிய நேரம் அது. 1840 வாக்கில் இந்த வாயுவுக்குப் பெயர் வைத்த வேதியியல் அறிஞர் ஷோன்பைன், "மணப்பது" என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ஓசோன் என்ற பெயரை எடுத்தார். வாசனைதான் அதன் அடையாளமே.

மார்கழி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வருடமும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்துவிடும், மார்கழி அதிகாலையில் ஓசோன் கீழே இறங்குகிறது, அதைச் சுவாசிக்கத்தான் முன்னோர்கள் கோலம் போடச் சொன்னார்கள் என்று. ஓசோன் படலம் தரையிலிருந்து ஏறக்குறைய 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இருந்துகொண்டு புற ஊதாக் கதிரைத் தடுப்பதுதான் அது நமக்குச் செய்கிற உபகாரம். தரையில் ஓசோன் உண்டாவது வண்டிப் புகைமேல் வெயில் படும்போது. அதனால் அது ஏறுவது மத்தியானம், விடியற்காலையில் குறைவு. நான் கோலத்தையோ திருப்பாவையையோ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என் மனைவி மார்கழி முப்பது நாளும் ஐந்து மணிக்கு வாசல் தெளிக்கிறவள், அதன் அழகுக்கு ஓசோன் துணை தேவையில்லை. இதைக் குழுவில் எழுதியதற்கு என் சித்தப்பா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் அந்த நம்பிக்கைதான் ரிசார்ட் தம்பியின் வாயில் வந்தது, அதை நம்பித்தான் என் பேத்தியும் அந்தக் கூடத்தில் இருந்தாள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தொட்டி உங்கள் வீட்டு மாடியிலோ, நீங்கள் அடிக்கடி போகிற இடத்திலோ இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு நாள் ஓசோன் கருவியை மட்டும் நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, குளோரின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் காரணம் ஓரளவு தெரிந்துவிடும். பல தொட்டிகளில் ஜெட்டைப் போட்டதும் ஓசோன் தானாக நிற்கிற ஏற்பாடு உண்டு, உங்களுடையதில் அது வேலை செய்கிறதா என்று கேளுங்கள். புதிதாக வாங்குவதானால் 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கு மட்டும் உள்ளதைக் கேட்கலாம், அது ஓசோன் உண்டாக்காமலே கிருமியைக் கொல்லும். 185 நானோமீட்டர் கதிர் வருகிற விளக்குதான் ஓசோனை உண்டாக்குவது.

ஓசோனை நிறுத்தியும் இருமல் வந்தால் என் பேச்சை விட்டுவிடுங்கள். வியர்வையோடு சேர்ந்த குளோரினும் இப்படித்தான் எரியும். காய்ச்சல், களைப்பு, வாரக்கணக்கில் இருமல் என்றால் அது வேறு. சரியாகப் பராமரிக்காத வெந்நீரில் வளர்கிற மைக்கோபாக்டீரியம் ஏவியம் போன்ற கிருமிகள் நீராவித் துளியோடு நுரையீரலுக்குள் போவதால் வருகிற நோய் ஒன்று உண்டு, ஹாட் டப் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். நிமோனியாவைக் கொண்டுவருகிற லெஜியோனெல்லா என்ற கிருமியும் அதே வழியில்தான் போகும். அப்போது டாக்டரிடம் போய், ஹாட் டப்பில் இறங்கினேன் என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் எந்த டாக்டருக்கும் அதைக் கேட்கத் தோன்றாது.

பேத்தி இப்போது நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளையிடம் குழாய் போட்டோவைக் காட்டத் தயங்கிக்கொண்டே இருந்தேன், தைப்பொங்கலுக்கு வந்தபோதுதான் காட்டினேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா" என்றார்.