தலை போன கவலையும் சுறா மீனும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சாதாரணக் குறுக்கெழுத்து என்றால் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். சென்னையில் இருக்கும் மகள் இப்போது வாரா வாரம் கிரிப்டிக் குறுக்கெழுத்து அனுப்புகிறாள். பாதிக் கட்டம் காலியாகவே கிடக்கிறது. போன வாரம் ‘தலை போன கவலையில் மீன் சிக்கும்’ என்று இரண்டெழுத்துக்கு ஒரு குறிப்பு. சுறா, பாறை, சூடை, ஊளி என்று எழுதி எழுதி அழித்தேன். விடையைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ‘வேலையத்த வேலை’ என்கிறாள் வீட்டுக்காரி. விட்டுவிடட்டுமா?
– உச்சிப்புளி வாசகர்

பதில்: வாத்தியாரய்யா, உச்சிப்புளியில் உட்கார்ந்துகொண்டு ‘மீன் சிக்கும்’ என்று படித்தால் மனசு வேறெங்கே போகும்? நேரே பாம்பன் கரைக்குத்தான் போகும். மீன் பெயரே தெரியாத வெளியூர்க்காரர் உங்களுக்கு முந்தி அதை முடித்திருப்பார். தெரிந்த விஷயம்தான் இங்கே காலை வாரும்.

இந்தக் குறிப்புகள் படிக்கும்போது ஒரே வாக்கியம், பிரிக்கும்போது இரண்டு துண்டு. ஒரு துண்டு விடைக்குப் பொருள் சொல்லும். அது தொடக்கத்திலோ கடைசியிலோதான் இருக்கும், நடுவில் வந்து ஒளிந்துகொள்ளாது. இன்னொரு துண்டு எழுத்துகளை வெட்டும், ஒட்டும், கலைக்கும். ‘கவலை’யின் தலையெழுத்தை எடுத்துவிடுங்கள். மிச்சம் ‘வலை’, அதில் மீன் சிக்கும். ‘தலை போகிற காரியம்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு, தலை என்பது வெறும் முதலெழுத்து என்று உறைக்கக் கொஞ்ச நாளாகும், அவ்வளவுதான்.

நீங்கள் காபி ஆறுவதற்குள் முடிக்கிற வகையில் ‘கடற்கரையில் காணலாம் (3)’ என்று இருக்கும். சங்கா, நண்டா, படகா? எல்லாமே மூன்றெழுத்துதான், குறுக்கே ஓர் எழுத்து விழுகிறவரை யாருக்கும் தெரியாது. கிரிப்டிக்கில் விடைக்கு இரண்டு வழி. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முட்டும்போது, யாரிடமும் கேட்காமலே ‘இதுதான்’ என்று தெரிந்துவிடும். கணக்கில் விடையைச் சரிபார்த்துக் காட்டியவருக்கு இந்த ருசியை நான் சொல்ல வேண்டுமா?

எரிச்சல்பட்டதற்கு வெட்கப்பட வேண்டாம், அதுவும் சேர்ந்ததுதான் இந்த ஆட்டம். 1926-லிருந்து லண்டன் ‘அப்சர்வர்’ இதழில் இந்த வகைப் புதிர் போட்ட எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்குமாடா. சித்திரவதைக்குப் பேர்போன ஸ்பெயின் மத விசாரணையின் தலைவர் பெயர் அது! அடுத்து வந்தவர் ஸிமெனிஸ், அவரும் அதே வரிசை. 1972-ல் வந்தவர் டெஸா என்ற இன்னொரு விசாரணைத் தலைவரின் பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டு அஸெட் ஆனார். ஆள் எப்படி என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

நமக்கும் இது புதுசில்லை. தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல் சொல்லும் சித்திரகவிகளில், அதாவது எழுத்து விளையாட்டுப் பாட்டுகளில், அக்கரச் சுதகம் என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லில் எழுத்து குறையக் குறைய வேறு வேறு பொருள் வரும். உங்களைப் படுத்திய ‘கவலை’ அந்த வம்சம்தான்.

விடையைப் பார்ப்பதும் குற்றமில்லை. பார்த்துவிட்டு மூடி வைப்பதுதான் வீண். விடையை வைத்துக்கொண்டு குறிப்பில் ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் வேலை இருந்தால் அடுத்த முறை அந்தத் தந்திரம் உங்களிடம் செல்லாது. ஏதாவது ஒரு சொல் சும்மா நின்றால், தாராளமாக ஆக்கியவரைத் திட்டுங்கள். சில பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்கும் பிடிக்காது. சிக்காததை விட்டுவிட்டுச் சாயங்காலம் பாருங்கள். அப்போதும் நகரவில்லையா? மகளுக்குப் போன் போட்டு ‘பொருள் எந்தப் பக்கம், முன்னாலயா பின்னாலயா?’ என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்ல வந்தால் வைத்துவிடுங்கள்.

வீட்டுக்காரி சொல்வதை மறுக்க மாட்டேன், வேலையத்த வேலைதான். ‘மூளைக்கு நல்லது’ என்று வாட்ஸ்அப்பில் வருவதைக் காட்டி வாதாடாதீர்கள். அதற்குப் பதில் இதை அவரிடம் கொடுங்கள், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது: ‘தலை மாறிய அப்பளம் வாலிநோக்கத்தில் வெயில் காயும் (5)’.