சட்டம் கேளுங்கள்: வேலை போனால் ஜீவனாம்சம் குறையுமா?

கேள்வி: என் ஏழு வயது மகள் தாயிடம் வளர்கிறாள். குடும்ப நல நீதிமன்ற உத்தரவுப்படி அவளுக்கு மாதம் 8,000 ரூபாய் கொடுத்துவந்தேன். வேலை போய் ஐந்து மாதமாகிறது. மாதம் 3,000 தான் அனுப்ப முடிகிறது. மகளைப் பார்க்கவும் விடுவதில்லை. அடியோடு நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: நிறுத்தாதீர்கள். உத்தரவு மாறும்வரை 8,000 தான் கணக்கு. இன்றைக்கு உங்கள் பாக்கி 25,000. வேலை போன மாதமே தொகையைக் குறைக்கக் கேட்டிருக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 146-ஆவது பிரிவு (பழைய சட்டத்தில் 127) அதற்குத்தான். உத்தரவிட்ட நீதிமன்றத்திலேயே இந்த வாரம் மனு போடுங்கள்.

கூடவே சொத்து, வருமானம், கடன் விவரப் பிரமாணப் பத்திரம் வேண்டும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. பலர் சறுக்குவது இங்கேதான். பணிநீக்கக் கடிதத்தை வைப்பார்கள், கைக்கு வந்த பி.எஃப். பணத்தை மறைப்பார்கள். எதிர்த்தரப்பு வங்கிக் கணக்கை வரவழைத்தால், வேலை போனது நிஜமாக இருந்தும் நம்ப ஆளிருக்காது. திடகாத்திரமான ஆள் ‘வருமானமே இல்லை’ என்று கைவிரித்தாலும் எடுபடாது. வேலை கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்களை அச்செடுத்து இணையுங்கள்.

ரொக்கமாகத் தராதீர்கள். ஜிபேயில் அனுப்பினால் குறிப்பில் ‘மகள் ஜீவனாம்சம், ஜூன்’ என்று போடுங்கள். சைக்கிள், தீபாவளித் துணி வாங்கிக் கொடுத்ததெல்லாம் பாக்கியில் தானாகக் கழியாது.

பாக்கிக்கு வாரண்ட் பிறந்த பிறகும் கட்டாவிட்டால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ‘உள்ளே போய்வந்தால் கடன் தீர்ந்தது’ என்பது டீக்கடைச் சட்டம். தீராது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மகளைப் பார்ப்பது தனி விவகாரம். அதற்குத் தனி மனு போட்டு நாள், நேரம், இடம் குறித்து உத்தரவு வாங்குங்கள். பணத்தோடு முடிச்சுப் போட்டால் இரண்டும் கெடும். வக்கீல் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

கேள்வி: மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டது. கல்லூரி படிக்கிறான். ஜீவனாம்சம் நின்றுவிடுமா?
– வாசகர், மதுரை

பதில்: ஜீவனாம்சம் பற்றிய பி.என்.எஸ்.எஸ். 144-ஆவது பிரிவில், தன்னைத் தானே பராமரிக்க இயலாத உடல், மனக் குறை இருந்தாலொழிய, மகனுக்கு 18 வரைதான். ஆனால் உத்தரவில் ‘படிப்பு முடியும்வரை’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மகள் என்றால் கதை வேறு: இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி, தன் வருமானத்தில் வாழ முடியாத மகள் திருமணம் ஆகும்வரை கேட்கலாம்.